11,400 கேட்புகளும் ஒரு தாலாட்டும்: ஒரு சுயாதீன இசைக்குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று பேர் கொண்ட சிறிய குழு இது. ஒருவர் பாடகி, வரிகளையும் அவரே எழுதுகிறார். இன்னொருவர் இசையமைப்பாளர், பதிவும் மிக்சிங்கும் (ஒலிகளைக் கலந்து சமன்படுத்துவது) அவர் வீட்டு அறையில் நடக்கின்றன. மூன்றாவது ஆள் நான். பாடல்களைத் தளங்களுக்கு அனுப்புவதும், வெளியீட்டைத் திட்டமிடுவதும், கணக்கு பார்ப்பதும் என் பொறுப்பு. இதில் வரும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை நான் எடுத்தவை அல்லது நான் தலையாட்டியவை. அதனால்தான் எழுதுகிறேன்.

2023இல் குழு இரண்டு பாடல்களை வெளியிட்டது. ஓராண்டில் ஒன்றுக்கு 340 கேட்புகள் (பாடல் ஒரு முறை ஓடுவது ஒரு கேட்பு), மற்றொன்றுக்கு 410. எங்களுக்கு அது வருத்தம்தான், ஆனால் அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2024 தொடக்கத்திலிருந்து, இசை ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபை ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: கடந்த 12 மாதங்களில் 1,000 கேட்புகளையாவது எட்டாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி (உரிமைத்தொகை) கிடையாது. அப்படிப் பிரியாமல் நிற்கும் பணம் எல்லையைத் தாண்டிய பாடல்களுக்குப் போகும். எல்லைக்குக் கீழே இருந்த பாடல்கள் ஈட்டிய தொகை மிகச் சிறியது, பல நேரம் அது கலைஞரின் கைக்கே வந்து சேர்வதில்லை என்பது அந்த நிறுவனத்தின் விளக்கம். விளக்கத்தில் உண்மை இருக்கிறது. இருந்தாலும், சில காசுகள் வருவதற்கும் எதுவுமே வராததற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு புதிய பாடகரின் மனத்தில் மிகப் பெரியது. பாடகி அன்று கேட்டது நினைவிருக்கிறது: “அப்படியென்றால் நாம் பாடியதே கணக்கில் இல்லையா?”

அந்தக் கேள்விதான் அடுத்து நடந்தவற்றுக்கு விதை. 1,000 என்ற எண் எங்களுக்குள் ஒரு வாசற்படியாக உட்கார்ந்துவிட்டது. அதை எப்படியாவது தாண்ட வேண்டும் என்று நினைத்தோமே தவிர, யார் கேட்டு அதைத் தாண்டப் போகிறோம் என்று நினைக்கவில்லை.

முதல் முடிவு: விளம்பரச் சேவை

மூன்றாவது பாடல் 2024 மே 10, வெள்ளிக்கிழமை வெளியானது. ஒரு வாரத்துக்கு முன்புதான் பாடல் கோப்பை, பாடல்களைத் தளங்களில் சேர்க்கும் விநியோக நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தோம். அது தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தளத்தின் ஆசிரியர் குழு தொகுக்கும் பாடல் வரிசைக்கு, அதாவது பிளேலிஸ்ட்டுக்கு, பரிந்துரைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. முதல் வாரம் 90 கேட்புகள்.

இணையத்தில் விளம்பரம் செய்துவந்த ஒரு சேவையை இசையமைப்பாளர் காட்டினார். பெயர் வேண்டாம், ஒரே மாதிரியான வாசகங்களோடு இப்படிப் பல இருக்கின்றன. “30 நாளில் 10,000 உண்மையான கேட்புகள், முழுவதும் இயல்பான விளம்பரம்” என்று எழுதியிருந்தது. பணத்தைக் கட்டினோம். கட்டுவதற்கு முன் நான் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்: ஒரு பாடலை எத்தனை பேர் கேட்பார்கள் என்று யாரால் முன்கூட்டியே உறுதி சொல்ல முடியும்? உண்மையாக விளம்பரம் செய்பவர்கள் பாடலைப் பலர் முன் கொண்டுபோய் வைப்பதாகச் சொல்லலாம். எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கொடுப்பவரிடம் அந்த எண்ணிக்கையை உண்டாக்கும் கருவி இருக்கிறது என்றே பொருள். பணம் வாங்கிக்கொண்டு கேட்புகளுக்கு உத்தரவாதம் தரும் சேவைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது தளத்தின் விதிகளிலேயே இருக்கிறது. நான் அதைப் படித்தது பிறகுதான்.

கவனித்தவை

சேவை தொடங்கிய நான்காம் நாள் 6,200 கேட்புகள். ஒன்பதாம் நாள் 11,400. குழுவின் உரையாடலில் வாழ்த்துகள் பறந்தன. அன்று இரவு, கேட்பு விவரங்களைத் தளம் காட்டும் கணக்குப் பலகையை நிதானமாகத் திறந்து பார்த்தேன்.

11,400 கேட்புகளுக்குப் பின்னால் இருந்த கேட்பவர்கள் 410 பேர். அதாவது ஒருவர் சராசரியாக 27 முறைக்கு மேல் கேட்டிருக்கிறார், ஒன்பதே நாளில். அவர்களில் பாடலைத் தங்கள் நூலகத்தில் சேமித்தவர்கள் 6 பேர். புதிதாகப் பின்தொடர்ந்தவர் ஒருவர். அவர் பாடகியின் உறவினர். கேட்புகள் வந்த வழியைப் பார்த்தால், ஏறத்தாழ எல்லாமே மூன்று பிளேலிஸ்ட்டுகளிலிருந்து. அந்தப் பிளேலிஸ்ட்டுகளைத் திறந்தால் நடனப் பாட்டு, பியானோ இசை, ராப், எங்கள் பாடல் என எதற்கும் எதற்கும் தொடர்பில்லை. ஒரு மனிதர் விரும்பித் தொகுத்த வரிசை அப்படி இருக்காது. கேட்பவர்களில் பெரும்பகுதி இரண்டே நகரங்களில் இருந்தார்கள். இரண்டிலும் எங்களை அறிந்தவர்கள் யாரும் இல்லை.

சில நாள் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. கலைஞர் பக்கத்தின் கீழே, ‘இவரைக் கேட்பவர்கள் இவர்களையும் கேட்கிறார்கள்’ என்ற பகுதியில் எங்களோடு ஒட்டாத முகங்கள் வரிசையாக வந்து நின்றன. போலிக் கணக்குகள் எங்கள் பாடலையும் அவர்களின் பாடல்களையும் சேர்த்து ஓட்டியிருக்கின்றன. எங்களை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதைத் தளம் அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது. பண இழப்பைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யாருக்கு இந்தப் பாடல் பிடிக்கும் என்று தேடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்துக்கு நாங்களே தவறான முகவரியைக் கொடுத்திருந்தோம்.

எண்களைப் படித்துக் காட்டியபோது பாடகி இசையமைப்பாளரிடம் கேட்டது ஒரே வரி: “அண்ணா, இதை யார்தான் கேட்டார்கள்?”

இரண்டாவது முடிவு: நிறுத்துவதும் சொல்வதும்

அன்றே சேவையை நிறுத்தச் சொல்லி எழுதினோம். பிளேலிஸ்ட்டுகளிலிருந்து நீக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்து என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. பேசாமல் இருந்துவிடலாம், எண்ணிக்கை தானாக அடங்கும் என்பது இசையமைப்பாளரின் எண்ணம். விநியோக நிறுவனத்துக்கு நாமே எழுதிவிடலாம் என்றேன் நான். தண்டனையிலிருந்து தப்புவோம் என்ற கணக்கில் அல்ல. வெளிப்படையான செயற்கைக் கேட்புகள் கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை 2024 முதல் பாடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று விநியோகஸ்தர்களிடம் கட்டணம் வசூலிக்கிறது. அவர்களில் பலர் அதைக் கலைஞரின் கணக்கில் பிடிக்கிறார்கள். எங்கள் மற்ற இரண்டு பாடல்களும் அதே கணக்கில்தான் இருந்தன. கணக்கு முழுவதும் முடங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை. நடந்ததை மறைக்காமல், ரசீதோடு எழுதினோம்.

ஜூன் மாதத்தில் பதில் வந்தது. செயற்கைக் கேட்புகள் கண்டறியப்பட்டுள்ளன, அவை கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன, கட்டணம் பிடிக்கப்படுகிறது, பாடல் தளத்திலிருந்து இறக்கப்படுகிறது. மற்ற இரண்டு பாடல்களுக்கு எதுவும் ஆகவில்லை. நாங்கள் முன்கூட்டியே எழுதியதுதான் அதற்குக் காரணமா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

இவ்வளவு கடுமை ஏன் என்று அப்போது எங்களுக்குக் கோபம் வந்தது. பணம் பிரியும் முறையைப் படித்த பிறகு கோபம் குறைந்தது. இத்தகைய தளங்களில் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை இல்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் உரிமையாளர்களுக்கான பங்கு ஒரே பொதுத் தொகையாகச் சேர்கிறது. மொத்தக் கேட்புகளில் ஒருவரின் விகிதம் எவ்வளவோ அதுவே அவர் பங்கு. எனவே ஒரு பொய்க் கேட்பு தளத்தின் பையிலிருந்து எடுப்பதில்லை. உண்மையாகக் கேட்கப்பட்ட இன்னொரு பாடகரின் பங்கிலிருந்து எடுக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த ஒரு வழக்கில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பாடல்களைத் தானியங்கிக் கணக்குகளால் ஓடவிட்டு ஒருவர் 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. எங்கள் 11,400 அதன் முன் ஒரு துளிகூட இல்லை. ஆனால் எடுத்த கிணறு ஒன்றுதான்.

மூன்றாவது முடிவு: தாலாட்டை முன்னிறுத்துவது

கையில் முடிந்த நிலையில் இரண்டு பாடல்கள் இருந்தன. ஒன்று வேகமான பாடல். இன்னொன்று பாடகி தன் அக்காள் மகளுக்காக எழுதிய தாலாட்டு. வேகப் பாட்டுத்தான் எடுபடும் என்பது பொதுவான நினைப்பு. நான் தாலாட்டைச் சொன்னேன். காரணம் எளிது: அதை யார், எப்போது, எதற்காகக் கேட்பார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. வேகப் பாட்டுக்கு அப்படி ஒரு வாக்கியம் எங்கள் மூவரிடமும் இல்லை.

வெளியிடுவதற்கு முன் 14 பேரைச் சிறு சிறு குழுவாக உட்கார வைத்துப் பாடலைப் போட்டோம். கருத்து கேட்கவில்லை. அவர்கள் கைகளைக் கவனித்தோம். தாலாட்டின் முன்னிசை 52 விநாடி இருந்தது. 30ஆம் விநாடிக்குள் 9 பேர் கைப்பேசியை எடுத்திருந்தார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்பு கணக்கில் வர 30 விநாடி ஓட வேண்டும். அதற்கு முன் தாண்டிப் போனால் அந்தக் கேட்பு இல்லை.

முன்னிசையைக் குறைப்பதற்கு இசையமைப்பாளர் இரண்டு வாரம் சம்மதிக்கவில்லை. “தளத்தின் கடிகாரத்துக்காக மெட்டை வெட்டுவதா?” என்றார். அவர் கோபம் நியாயமானது. 30 விநாடி விதி பாடல்களின் உருவத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது என்ற கவலை எனக்கும் உண்டு. கடைசியில் வழி சொன்னவர் பாடகி. எந்தத் தாயும் குழந்தை அழும்போது முதலில் 52 விநாடி வாத்தியம் வாசிப்பதில்லை, குரல்தான் முதலில் வரும் என்றார். வாத்தியம் இல்லாமல் குரலே தொடங்கியது. நீண்ட இசை இடையிசையாக இடம் மாறியது. பாடல் குறையவில்லை, என்னைக் கேட்டால் கூடியது.

கோப்பை செப்டம்பர் 13 அன்று அனுப்பினோம். வெளியீடு அக்டோபர் 18. ஐந்து வார இடைவெளி. அந்த இடைவெளி ஓர் ஆபத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியது. வரவிருக்கும் பாடல் கலைஞர் கணக்கில் முன்கூட்டியே தெரிய வேண்டும், எங்களுடையது தெரியவில்லை. தேடிப் பார்த்தால், எங்கள் பெயரையே கொண்ட வேறொரு கலைஞரின் பக்கத்துக்கு அது போயிருந்தது. விநியோக நிறுவனத்துக்கு எழுதிச் சரிசெய்ய 11 நாள் ஆனது. மே மாதம் போல ஒரு வாரம் மட்டும் வைத்திருந்தால், பாடல் யாரோ ஒருவர் பக்கத்தில்தான் பிறந்திருக்கும்.

அதன் பிறகு பரிந்துரைப் படிவம். வெளியாகாத பாடலை மட்டுமே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே, ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்கலாம். விவரிக்க 500 எழுத்துகள். என் முதல் வரைவில் ‘தனித்துவமான’, ‘உணர்வுபூர்வமான’ போன்ற சொற்கள் நிறைந்திருந்தன. எந்தப் பாடலுக்கும் பொருந்தும் சொற்கள். இரண்டாவது வரைவில் யாருக்காக எழுதிய தாலாட்டு, எந்த வாத்தியங்கள், குரல் ஏன் தனியாகத் தொடங்குகிறது, எத்தனை பேருக்கு நாங்களே அனுப்பப் போகிறோம் என்று மட்டும் எழுதினேன். ஆசிரியர் குழு எடுக்காவிட்டாலும் இதில் பயன் உண்டு: குறைந்தது ஏழு நாள் முன்பு பரிந்துரைத்தால், பின்தொடர்பவர்களின் வெள்ளிக்கிழமைப் பட்டியலான ரிலீஸ் ரேடாரில் அந்தப் பாடல் இடம்பெறும்.

விளம்பரத்துக்குப் பணம் செலவிடவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் நண்பர்கள், உறவினர்கள், பகல்நேரக் காப்பகம் நடத்தும் இருவர் என்று 62 பேருக்குத் தனித்தனியாக, பெயரிட்டு எழுதினோம். கேட்டுவிட்டுப் பிடித்தால் சேமித்து வையுங்கள் என்று மட்டும் கேட்டோம். ‘இரவு முழுக்க ஓடவிடுங்கள்’ என்று எழுதலாம் என ஒரு யோசனை வந்தது; அதையும் செயற்கையின் இன்னொரு வாசலாகவே கருதி விட்டுவிட்டோம்.

என்ன நடந்தது

முதல் வாரம் 186 கேட்புகள். விளம்பரச் சேவையின் நான்காம் நாளோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும் எண். ஆனால் 71 பேர் கேட்டு, 38 பேர் சேமித்திருந்தார்கள். ஆசிரியர் குழுவின் எந்தப் பிளேலிஸ்ட்டிலும் பாடல் இடம்பெறவில்லை, இன்றுவரை இல்லை.

இரண்டாம் மாதம் ஒரு பயம் வந்தது. ஒருவர் சராசரியாக 9 முறை கேட்கிறார் என்று பலகை காட்டியது. முன்பு சுட்ட பால் நினைவில் இருந்தது. மீண்டும் யாராவது போலியாக ஓட்டுகிறார்களா என்று பதறிப்போய் எல்லாவற்றையும் தோண்டினேன். இந்த முறை கேட்புகளின் பெரும்பகுதி கேட்பவர்களின் சொந்த நூலகத்திலிருந்தும் சொந்தப் பிளேலிஸ்ட்டுகளிலிருந்தும் வந்திருந்தது. நகரங்கள் பரவலாக இருந்தன. பலவற்றில் நாங்கள் கடிதம் எழுதிய ஆட்கள் இருந்தார்கள். சேமிப்பும் பின்தொடர்தலும் கேட்புகளோடு சேர்ந்தே ஏறின. தாலாட்டு என்றால் ஒரே வீட்டில் ஒவ்வோர் இரவும் ஓடத்தானே செய்யும்! திரும்பக் கேட்பது மனிதரும் செய்கிறார், இயந்திரமும் செய்கிறது; மனிதர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறார்.

டிசம்பர் வாக்கில் திங்கள்தோறும் புதுப்பிக்கப்படும் டிஸ்கவர் வீக்லி என்ற பரிந்துரைப் பட்டியலிலிருந்து சிலர் வரத் தொடங்கினார்கள். பெரிய அலை இல்லை. வாரம் பத்து, பதினைந்து பேர். 2025 ஜனவரி இறுதியில், 14ஆம் வாரம், பாடல் 1,000ஐத் தாண்டியது. ராயல்டி கணக்கில் எண் தோன்றியது. அந்தத் தொகை மாஸ்டரிங் (இறுதி ஒலிச் செப்பம்) செலவின் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை: இந்த அளவிலான கேட்புகளில் ஸ்ட்ரீமிங் ஒரு வருமானம் அல்ல.

வருமானம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிப்ரவரியில், எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு தாய் எழுதினார். பாடல் முடிந்ததும் குழந்தை விழித்துக்கொள்கிறது, நீளமான வடிவம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இசையமைப்பாளர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். இரண்டு வாரத்தில் 22 நிமிட வடிவம் ஒன்று தயாரானது. அவர் முதலில் முன்னிசையாக வைத்திருந்த நீண்ட இசை அதில் திரும்பி வந்தது.

அதை ஸ்ட்ரீமிங் தளத்தில் வெளியிட்டால் 22 நிமிடம் ஓடினாலும் ஒரு கேட்புதான். 3 நிமிடப் பாடல் அதே நேரத்தில் ஏழு முறை ஓடிவிடும். எனவே மார்ச் மாதம் அதை, கலைஞர்கள் இசையை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் நேரடி விற்பனைக்கு வைத்தோம். டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் எடுப்பது 15 விழுக்காடு; பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மூன்று மாதத்தில் 31 பிரதிகள் விற்றன. அந்தப் பணம், தாலாட்டின் குறுவடிவமான குறும்பாடல் அதுவரை எல்லாத் தளங்களிலும் சேர்த்து ஈட்டியதைவிடப் பல மடங்கு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் குறும்பாடலை முதலில் ஸ்ட்ரீமிங்கில் கேட்டவர்கள் என்பது அவர்கள் எழுதிய குறிப்புகளிலிருந்து தெரிந்தது. ஸ்ட்ரீமிங்கில் வாசல் திறந்தது; வாங்கும் இடம் வேறாக இருந்தது.

இறக்கப்பட்ட பாடல்

மே மாதப் பாடலை என்ன செய்வது என்ற கேள்வி பல மாதம் தொங்கியது. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. விநியோக நிறுவனம் மாறினாலும் அதே பதிவு அதே குறியீட்டோடு போனால் பழைய கேட்புக் கணக்கு பொதுவாகத் தொடரும். எங்களுக்கு அந்தத் தொடர்ச்சியே வேண்டாம். அதே கோப்புக்குப் புதிய குறியீடு போட்டு ஏற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. அது குறியீட்டின் நோக்கத்தையே ஏமாற்றுவது. இசையமைப்பாளர் பாடலைப் புதிதாக மிக்சிங் செய்தார், பாடகி இரண்டு சரணங்களை மீண்டும் பாடினார். புதிய பதிவு என்பதால் புதிய குறியீடு முறைப்படியே கிடைத்தது. கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கோப்பை அனுப்பும் இடைவெளியை ஐந்து வாரத்துக்குக் கீழே இனி இறக்க மாட்டோம். அனுப்பிய முதல் வாரத்திலேயே, பாடல் சரியான கலைஞர் பக்கத்தில் வரிசையில் நிற்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பில் எழுதப்பட்டுவிட்டது.

விளம்பரத்துக்குச் செலவே செய்யக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். யாரிடம் காட்டப்படுகிறது என்று தெரிகிற விளம்பரம் வேறு, எண்ணிக்கையை விற்பது வேறு. பிளேலிஸ்ட் தொகுப்பவர் யாராக இருந்தாலும், அவருடைய வரிசையை முழுதாகக் கேட்டுப் பார்க்காமல் பாடலை அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு முறை பாதி கேட்டதிலேயே விலகிவிட்டோம்.

கணக்குப் பலகையில் மொத்தக் கேட்புகளை முதலில் பார்க்கும் பழக்கத்தையும் விட்டோம். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் இரண்டு எண்களை மட்டும் மற்ற இருவருக்கும் அனுப்புகிறேன்: எத்தனை பேர் கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் சேமித்தார்கள்.

ஒன்றைச் செய்யாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. தாலாட்டு வெளியானபோதே கேட்பவர்கள் எங்களுக்கு நேரடியாக எழுத ஒரு முகவரியைக் கலைஞர் பக்கத்தில் தெளிவாக வைத்திருக்க வேண்டும். அந்தத் தாய் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனதாக எழுதியிருந்தார். தேடிக் களைத்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பலகையிலும் தெரியாது. முகவரி இப்போது முதல் வரியில் இருக்கிறது. வேகப் பாட்டு அடுத்து வருகிறது. அதற்கான அந்த ஒரு வாக்கியத்தைப் பாடகி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதி முடிக்கும்வரை வெளியீட்டுத் தேதி குறிக்கவில்லை.